வலி மாத்திரையும் எங்கள் வீட்டு இழுப்பும்

"அவங்க ரத்தத்துலயே இழுப்பு ஓடுது."

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. லயத்தில் எந்த வீட்டில் இழுப்பு, எந்த வீட்டில் இனிப்பு நீர், எந்த வீட்டில் நெஞ்சு வலி என்று எல்லோருக்கும் தெரியும். பெண் கேட்டுப் போகிறவர்கள் காதிலும் ஒரு வார்த்தை போட்டுவிடுவார்கள். "தாத்தாவுக்கு இருந்துச்சு, அப்பனுக்கு வந்துச்சு, இவனுக்கும் வரும்" என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் தேடுவதில்லை.

இழுப்பு, அதாவது ஆஸ்துமா, குடும்ப வழியில் வருவது உண்மைதான். ஆனால் ஆஸ்துமாவில் ஒரு வகை உண்டு. உடம்பு வலிக்குப் போடும் சாதாரண மாத்திரையே அதைக் கிளப்பிவிடும். ஆஸ்பிரின், போன்ஸ்தான், வோல்த்தரென், ஐபுப்ரொஃபென், நாப்ராக்சன் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டுமே என்று விழுங்கிய மாத்திரை, அன்று ராத்திரியே மூச்சை அடைக்கும். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வீட்டில் இழுப்புக்காரர் யாராவது இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் அத்தை ஒருவர் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். முப்பது வயது தாண்டியதும் அவருக்கு மூக்கடைப்பு ஆரம்பித்தது. சளி என்றார்கள், பனி என்றார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு பால்காட்டுக்குள் போகிறவருக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? பிறகு வாசனை போய்விட்டது. ஒட்டுப்பால் நாற்றம் எப்படிப்பட்டது என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கைத் தூக்குகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், அத்தை மட்டும் சாதாரணமாக நிற்பார். "எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே" என்று அவரே சொல்வார், கேட்டவர்கள் பழகிப்போச்சு என்று விட்டுவிட்டார்கள். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னது அதற்குச் சில வருஷம் கழித்து. இழுப்பு வந்தது அதற்கும் பிறகு.

அப்புறம் முட்டி வலி. மரத்தடியில் குனிந்து குனிந்து வெட்டிய முட்டி. வலி மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டி, நெஞ்சு இறுகி, பேச முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் கேஸ் வைத்து மூச்சைத் திருப்பினார்கள். அது முதல் தடவையும் இல்லை. முந்தின இரண்டு தடவையும் புகைமூட்டத்தின் மேலும் புல்லுக்கு அடித்த மருந்தின் மேலும் பழி போயிருந்தது. இந்த முறை பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் கேட்டார்: "கடைசியா என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"வலி மாத்திரைங்க."

"பேரு?"

"வெள்ளையா, வட்டமா இருக்குமே, அதுங்க."

அந்த டாக்டருக்கு அடுக்கடுக்காக எல்லாம் புரிந்துவிட்டது: மூக்கடைப்பு, வாசனை போனது, மூக்கில் சதை, பெரிய வயதில் வந்த இழுப்பு, கடைசியாக மாத்திரை. இந்த வரிசை மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷமாகத் தெரிந்த ஒன்று. 1899இல் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினை விற்பனைக்கு விட்டது. 1922இல் பாரிசில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை எழுதி வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் இருந்ததாலோ என்னவோ அது பரவலாகக் கவனிக்கப்படவில்லை. 1968இல் அமெரிக்காவில் மாக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பியர்சும் அதையே திரும்ப விவரித்தார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் இதைச் சாம்டரின் முக்கூட்டு என்றும் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு விடை 1970களில்தான் கிடைத்தது. ஆஸ்பிரின் வலியை எப்படிக் குறைக்கிறது என்று 1971இல் இங்கிலாந்தில் ஜான் வேன் கண்டுபிடித்தார். நம் உடம்பில் காக்ஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களைத் தயாரிக்கிறது. வலியும் வீக்கமும் காய்ச்சலும் அவற்றால்தான். ஆஸ்பிரின் அந்த நொதியை அடைத்துவிடுகிறது. இதற்காக வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975இல் போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் ஆன்ட்ஜெய் ஷ்செக்லிக் என்ற மருத்துவர் அடுத்த அடியை வைத்தார். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, காக்ஸை அடைக்கும் மற்ற வலி மருந்துகளும் மூச்சுத் திணறலைக் கொடுக்கின்றன, அடைக்காத மருந்துகள் கொடுப்பதில்லை என்று அவர் காட்டினார். மருந்தின் சாயலோ குடும்பமோ காரணம் இல்லை, அது உடம்பில் செய்யும் வேலைதான் காரணம் என்று அப்போது தெளிவானது.

புரோஸ்டாகிளாண்டின்களில் ஒன்று வலியை மட்டும் உண்டாக்குவதில்லை, ஒரு நல்ல வேலையும் செய்கிறது. மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூகோட்ரையீன் என்ற பொருள்களை அளவுக்கு மேல் போகாமல் அடக்கி வைக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் எவ்வளவு முக்கியமோ, இவர்களுக்கு அந்த ஒரு பொருள் அவ்வளவு முக்கியம். மற்றவர்களுக்கு அது குறைந்தாலும் சமாளித்துவிடுவார்கள். இவர்களுக்கு ஏற்கெனவே லூகோட்ரையீன் அதிகம் ஊறிக்கொண்டிருக்கும். வலி மாத்திரை பிரேக்கை எடுத்துவிட்டால் மூக்கும் நெஞ்சும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இது நடக்கும்.

இதனால்தான் பெனிசிலின் ஒவ்வாமை போல இதை நினைக்கக்கூடாது. பெனிசிலினில் ஒரு மருந்துக் குடும்பத்தை உடம்பு எதிரியாக அடையாளம் கண்டு வைத்திருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆஸ்பிரினில் கஷ்டப்பட்டவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வோல்த்தரென் போட்டாலும் அதே கஷ்டம் வரலாம். இன்னொரு விஷயத்தைத்தான் ஜனங்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். இருபது வயதில் அதே மாத்திரையைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், நோய் வளர்ந்த பிறகு அது ஆகாமல் போகும். "இத்தனை வருஷமா சாப்பிட்ட மாத்திரைதானே" என்ற பேச்சுக்கு இந்த நோயில் மதிப்பே கிடையாது.

எத்தனை பேருக்கு இது இருக்கும்? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 100க்கு 7 பேர் அளவில் இருக்கிறது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 15. இது அபூர்வமான நோய் இல்லை. பத்து ஐரோப்பிய நாடுகளில் இந்த நோய் உள்ள 500 பேரை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டார்கள். சராசரியாக முப்பது வயதை ஒட்டி மூக்கில் ஆரம்பித்திருக்கிறது. ஆண்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள். அந்த 500 பேரில் 100க்கு 15 பேருக்குத் தங்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது என்பதே தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் சோதித்த பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பாவிலேயே இப்படி என்றால், மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டும் அறிந்த நம் அத்தைமார்கள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன். 1997இல் கிராக்கோவ் குழு லூகோட்ரையீன் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றத்தைக் கண்டது. இந்த நோயாளிகளிடம் அது அதிகமாக இருந்தது. அந்த நொதியும் அவர்களுடைய மூச்சுக்குழாயில் அதிகமாக இருப்பது அடுத்த வருஷம் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேறு நாடுகளில் தேடியபோது அந்தத் தொடர்பு எல்லா இடத்திலும் உறுதியாகவில்லை. அதே சமயம் வெள்ளணுக்களின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒன்று போலந்துக்காரர்களிடம் தொடர்பு காட்டியது, பிறகு கொரியர்களிடமும் காட்டியது. ஜப்பானில் இன்னொரு மரபணுவைப் பிடித்தார்கள். இன்றுவரை கதை அப்படித்தான் போகிறது. ஒரு மரபணு குற்றவாளி இல்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாக ஆளைச் சாய்க்கின்றன, பிறகு வாழ்க்கையில் ஏதோ ஒன்று தள்ளிவிடுகிறது. இந்த நோய் இருக்கிறதா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனையும் கிளினிக்கில் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில், அவசர வசதிகளோடு, டாக்டர் முன்னால் சிறு அளவிலிருந்து மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. வீட்டில் யாரும் அதைச் செய்து பார்க்கக்கூடாது.

அந்த ஐரோப்பிய ஆய்வில் குடும்பத்தில் இன்னொருவருக்கும் ஆஸ்பிரின் ஆகாது என்று சொன்னவர்கள் 100க்கு 6 பேர் மட்டுமே. ஆஸ்துமாவுக்கான சாய்மானம் குடும்பத்தில் இறங்குகிறது, ஆனால் மாத்திரையால் வரும் இந்த வகை அப்படியே அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது குறைவு. எங்கள் லயத்துப் பேச்சில் இருந்த கோளாறு இதுதான். எல்லாவற்றையும் ரத்தத்தின் மேல் போட்டதால், விலக்கக்கூடிய ஒன்றை யாரும் விலக்கவில்லை. ரத்தத்தை மாற்ற முடியாது. மாத்திரையை மாற்றலாம்.

இதைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் கவனித்திருக்கக்கூடிய ஒருவர் இருந்தார். டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். வெள்ளை உடுப்பு, மேசை மேல் தடிமனான பதிவுப் புத்தகம். டிரெஸ்ஸர்களைப் பதிவு செய்யவே 1965இல் தனிச் சட்டம் வந்தது. சுவா பெத்தோங்கோ லாபுவோ ஜெராம் பாடாங்கோ, பெரிய தோட்டம் என்றால் டிரெஸ்ஸர் இருப்பார். தாத்தாவுக்குக் கட்டுப் போட்டவர் பேரனுக்கு ஊசி போடுவார். யாருக்கு எந்த ஊசி ஆகாது என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வார். அவரிடம் இருந்தது மூன்று தலைமுறையின் உடம்புக் கணக்கு. பிரிட்டிஷ்காரர் காலத்து மருந்தகங்களில் சர்வ சாதாரணமாக இருந்த ஏ.பி.சி. மாத்திரையில் ஆஸ்பிரின், பெனாசிட்டின், காஃபின் மூன்றும் உண்டு. தலைவலிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். டிரெஸ்ஸர்கள் எல்லோரும் இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கண்டுபிடிக்கத் தேவையான தகவல் ஒரே மேசையில், ஒரே ஆளின் ஞாபகத்தில் இருந்தது என்கிறேன்.

அந்த மேசை போய்விட்டது. ரப்பர் செம்பனையானது, லாபு, நீலாய் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஜனங்கள் சிரம்பானுக்கும் செனாவாங்குக்கும் நீலாய்க்கும் தாமான் தாமானாகப் பிரிந்தார்கள். ஒரு மாதம் ஒரு கிளினிக், அடுத்த மாதம் வேலை இடத்துப் பேனல் கிளினிக், நடுவில் அரசாங்கக் கிளினிக். நம் நாட்டில் தனியார் டாக்டர்களே மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். சின்ன பிளாஸ்டிக் பை, அதன் மேல் "உபாட் தாஹான் சாகிட்" (வலி மருந்து) என்று எழுதியிருக்கும், மருந்தின் பெயர் சில நேரம் கிறுக்கலாக, சில நேரம் இல்லாமலே. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையும் போய்விடும். மீந்த மாத்திரை பிஸ்கட் டின்னுக்குள் சேரும். பக்கத்து வீட்டு அக்கா "இடுப்பு வலி தாங்கலடி" என்றால் டின் திறக்கும். இதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் மூக்குச் சதையும் இழுப்பும் உள்ள ஒருத்திக்கு அந்த டின்னில் இருக்கும் ஒரே ஒரு மாத்திரை போதும்.

இன்றைக்குப் பழைய லயங்களில் இருப்பவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள். அதே முட்டி வலி, அதே தோள் வலி, அதே மாத்திரை. "எனக்கு இது ஆகாது" என்று சொல்ல மொழிகூட இல்லாதவர்கள். அவர்களையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாமு, நாட்டு மருந்து, மூட்டு வலிக் கேப்சுல் என்று சந்தையில் விற்பவற்றையும் சொல்லியாக வேண்டும். "இது இயற்கை, ஒன்றும் செய்யாது" என்று வாங்குகிறோம். நம் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவான என்.பி.ஆர்.ஏ. இப்படிப்பட்ட பொருள்களில் டைக்ளோஃபெனாக், டெக்சாமெத்தசோன் போன்ற மருந்துகள் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரித்திருக்கிறது. டைக்ளோஃபெனாக்தான் வோல்த்தரென். பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு வேகமாக வலி போனாலும் அந்த வேகத்தைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, கள்ளு. தோட்டக் கள்ளுக்கடைகளின் கதை தனிப் பதிவுக்கு உரியது. இங்கே வேண்டியது இவ்வளவுதான்: இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் மது குடித்தாலே மூக்கு அடைக்கும், சிலருக்கு இழுப்பும் வரும். இரண்டு மிடறுக்கு மூக்கடைக்கிற சித்தப்பா உங்கள் வீட்டில் இருந்தால், அவருக்கு வாசனை தெரிகிறதா, மூக்கில் சதை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்படியானால் வலிக்கு என்னதான் போடுவது? பெனடால், அதாவது பாரசிட்டமால், பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் 500 மில்லிகிராம் ஒரு மாத்திரையோடு நிறுத்தினால்தான் அந்த நம்பிக்கை. இரண்டு மாத்திரையாக 1,000 மில்லிகிராம் ஒரே வேளையில் போட்டால் இவர்களில் சிலருக்கு லேசாக மூக்கும் நெஞ்சும் அடைப்பது உண்டு. எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்ற புதிய வகை மருந்துகளைப் பெரும்பாலோர் தாங்குகிறார்கள், முதல் வேளையை டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டும். காய்ச்சல் என்றால் வலி மாத்திரை பக்கமே போகாதீர்கள், டெங்கியாக இருந்தால் ஆஸ்பிரினும் அதன் கூட்டமும் ரத்தக்கசிவைக் கூட்டும், இழுப்பு இல்லாதவர்களுக்கும் இதே விதிதான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடம் இருதய நோய். மலேசிய இந்தியர்களுக்கு நெஞ்சு வலி சீக்கிரமே வருகிறது, கார்டிப்ரின் போன்ற சிறு அளவு ஆஸ்பிரின் எத்தனையோ வீடுகளில் தினசரி மருந்து. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போகிறவர் வாயில் முதலில் போடுவது ஆஸ்பிரின். அந்த நேரத்தில் அவரால் பேச முடியாது. கூட வந்த மகனுக்கோ மருமகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் கட்டாயம் தேவைப்படுபவர்களுக்கு வழியே இல்லை என்றும் இல்லை. 1980இல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனையில் டொனால்ட் ஸ்டீவன்சனும் அவர் குழுவினரும் காட்டிய முறை ஒன்று உண்டு: ஆஸ்பத்திரியில் மிகச் சிறிய அளவிலிருந்து கூட்டிக் கூட்டி ஆஸ்பிரினைப் பழக்குவது. பழகிய பிறகு தினமும் விடாமல் போட வேண்டும். சில நாள் விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். லூகோட்ரையீனைத் தடுக்கும் மொண்டெலுகாஸ்ட் மாத்திரையும் நிறையப் பேருக்கு உதவுகிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டால் வலி மாத்திரை சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காட் அலாஹான் உபாட் என்று ஓர் அட்டை தருகிறார்கள். எந்த மருந்து ஆகாது, என்ன ஆனது என்று அதில் எழுதியிருக்கும். சிரம்பான் துவாங்கு ஜாஃபார், போர்ட்டிக்சன், கோலாப்பிலா, தம்பின், ஜெம்போல், ஜெலெபு என்று நம் மாநிலத்தில் எந்த ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கமோ அங்கே டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். அடையாளக் கார்டோடு அந்த அட்டையையும் வைத்துக்கொள்ள உங்கள் வீட்டு இழுப்புக்காரரிடம் சொல்லுங்கள். கிளினிக்கில் மாத்திரைப் பையை வாங்கும்போது, "இதோட பேரை எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போன்ஸ்தான், வோல்த்தரென் வகைகளை மருந்தாளுநர் இருக்கும் பார்மசியில் மட்டும் வாங்குங்கள், வாங்கும்போதே இழுப்பு இருப்பதைச் சொல்லுங்கள்.

அத்தைக்கு இப்போது அந்த அட்டை இருக்கிறது. மூக்குச் சதையை எடுத்துவிட்டார்கள், உறிஞ்சும் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார், முட்டி வலியோடுதான் நடக்கிறார். செனாவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய மகள்தான் இதெல்லாம் தெரிந்ததும் பயந்துபோனாள். அவள் மாதா மாதம் தூரம் ஆகும் நாளில் வயிற்று வலிக்குப் போன்ஸ்தான் போடுகிறவள். "அம்மா ரத்தம்தானே எனக்கும், நானும் நிறுத்தணுமா?" என்று கேட்டாள்.

அம்மாவைக் காட்டப் போன நாளில் அவளே டாக்டரிடம் கேட்டுவிட்டாள். உனக்கு இழுப்பு இல்லை, மூக்கில் சதை இல்லை, இத்தனை வருஷம் போட்டதில் ஒரு தும்மல்கூட இல்லை, அம்மாவுக்கு இருப்பதால் மட்டும் நீ நிறுத்த வேண்டியதில்லை என்றார் அவர். ஆனால் மூக்கடைப்பு மாதக்கணக்கில் விடாமல் இருந்தாலோ, குழம்பு கொதிக்கும் வாசனை தெரியாமல் போனாலோ, நெஞ்சில் விசில் கேட்டாலோ, அன்றோடு போன்ஸ்தானை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வா, முதலில் மூக்கைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.